ரகசியக் கூட்டாளி

"சார், டாக்டர் வெளியே வர்றார்! கையில ஒரு பெட்டி!"

ஜன்னல் திரையைப் பிடித்தபடி உளவாளி போனில் கிசுகிசுத்தான். மருத்துவராக இருந்து கட்சித் தலைவரானவர், நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு இந்த அந்நிய நகரத்தில் வசிக்கிறார். அவர் யாரை ரகசியமாகச் சந்திக்கிறார் என்று கண்டுபிடிக்கத்தான் எதிர்க் கட்டடத்தில் இவனைக் குடிவைத்திருந்தார்கள். மனிதரோ காய்கறிக் கடையைத் தவிர வேறெங்கும் போவதில்லை.

"பெட்டியைச் சும்மாவா தூக்கிட்டு வர்றான்? யாரோ காத்திருக்கான்!" மேலதிகாரி துள்ளினார். "இன்னைக்கும் கோட்டை விட்டே, உன் வேலை போச்சு! எந்தப் பக்கம் போறான்?"

"ரோட்டைத் தாண்டி... சார், நம்ம கட்டடத்துக்குள்ளேயே வர்றார்!"

"அடப்பாவி! கூட்டாளியை உன் கண்ணெதிரேயே வச்சிருக்கான். எந்த வீடுன்னு பாரு!"

உளவாளி இருமலை அடக்கிக்கொண்டு கதவில் காதை வைத்தான். "படியேறுறார் சார்... நம்ம மாடிதான்... நின்னுட்டார்!"

கதவு தட்டப்பட்டது. போனைக் கையில் பிடித்தபடியே திறந்தான்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி," என்றார் டாக்டர். "ராத்திரி பூரா நீங்க இருமுறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. கேட்டுட்டுச் சும்மா இருக்க மனசு வரலை. சட்டையைத் தளர்த்துங்க, பார்ப்போம்."

பெட்டியிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். அதன் வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அவன் நெஞ்சில் வைத்தார்.

கையிலிருந்த போன் அலறியது. "யாரைடா சந்திச்சான்? சொல்லித் தொலை!"

"அவருக்குப் பதில் சொல்லிடுங்க தம்பி. அப்புறம் மூச்சை நல்லா இழுங்க."

உளவாளிக்குக் கண் கலங்கியது.

"என்னைத்தான் சார்."