களப்பில் கழுவிய கமரா

"உண்மையச் சொல்லுங்க மகள். இனி இது பொழைக்காதா?"

அத்தாஉல்லாவின் கண்கள் கலங்கியிருந்தன. கற்பிட்டியில் ஸும்றாவின் ரிப்பெயர் கடை மேசைமேல் அந்தக் கமரா திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்த ஸும்றா முகத்தைச் சுளித்தாள். பார்த்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

கமரா, பக்கத்தில் நின்ற ஷஃபீனா ரீச்சருடையது. வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு, வெள்ளத்தில் அகப்பட்ட வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் சனங்களுக்கு உணவுப் பொதிகள் சேர்த்தவள் அவள். அவற்றை லொறியில் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை நலன்புரிச் சங்கத் தலைவர் அத்தாஉல்லா ஏற்றுக்கொண்டார். அனுப்பியவர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமென்று கமராவையும் அவரிடமே கொடுத்திருந்தாள். இன்று படங்களை வாங்கப் போனவள், அவர் வீட்டு முற்றத்தில் அது வெயிலில் கிடப்பதைக் கண்டு, அவரையும் கையோடு இங்கே கூட்டி வந்திருந்தாள்.

"எப்பிடித் தண்ணியில விழுந்த?" என்றாள் ஸும்றா.

"எல்லாம் முடிஞ்ச பொறகு, படம் எடுத்த மருமகன் என்ட கையில தந்தான். அதில ஒரு சிவப்பு லைட் மின்னிக்கொண்டு இருந்திச்சு. என்னவோ ஒரு பட்டன அமத்தினன், நிண்டிச்சு. பொறகு கை நழுவி வெள்ளத்துக்க விழுந்திட்டு."

"எடுத்த உடன என்ன செஞ்சீங்க?"

"வேலை செய்யுதா எண்டு திரும்பத் திரும்ப அமத்திப் பாத்தன்."

"ஈரத்தோடயா?"

"ஓம். பொறகு சார்ஜில போட்டன்."

ஸும்றா தலையில் கை வைத்தாள். "பொறகு?"

"ஒரே சேறு மகள். களப்பு உப்புத் தண்ணியில நல்லா முக்கிக் கழுவினன்."

வந்திருப்பவர் யாரென்று பார்த்துப் பேசும் பழக்கம் ஸும்றாவுக்கு இல்லை. "உப்பளம் வச்சிருக்கிற மனிசன்தானே நீங்க? உப்புத் தண்ணி பட்ட மண்வெட்டி என்ன கதியாகும் எண்டு நானா உங்களுக்குச் சொல்லித் தரணும்? ஒரு கமராவக் கொல்ல என்னென்ன வழி இருக்கோ, எல்லாத்தையும் செஞ்சிட்டு இங்க வந்து அழுறீங்க. சின்னப் புள்ளைக்கு இருக்கிற புத்தி கூடவா இல்ல?"

அத்தாஉல்லா தலையைக் குனிந்துகொண்டார். ஊர்க் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தால் விடாத மனிதர், ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார்.

ஷஃபீனாவுக்குப் பாவமாகிவிட்டது. "ஏசாதீங்க ராத்தா, வயசான மனிசன்," என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "கமரா போனாப் போகட்டும் நானா. வெள்ளத்துக்க எறங்கி நிண்டு குடுத்திருக்கீங்க. அதுக்கு முன்னால இது என்ன?"

"கமராவுக்கு இல்ல மகள்." அவர் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். "படமெல்லாம் போச்சே! ஒண்டும் வராது எண்டு இவங்க வாயால ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், என்ட மனசு ஆறிடும்."

ஸும்றா படங்கள் பதிந்திருக்கும் கார்டைச் சின்ன இடுக்கியால் இழுத்து எடுத்தாள். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அதுவும் போயிருக்கும்தானே?"

"கமரா மௌத்து, இனி எழும்பாது. கார்டைப் பாத்துத்தான் சொல்லணும்."

"ஏன் மகள் உங்களுக்கு வீண் கரைச்சல்? விட்டுடுங்க."

அந்தப் பணிவான பேச்சு ஸும்றாவை என்னவோ செய்தது. ஏசியது கூடிவிட்டதோ? ஒன்றும் தெரியாத மனிதர்தான், ஆனால் கெட்டவரில்லை. கார்டின் முனையை ஸ்பிரிட்டில் நனைத்த தூரிகையால் மெதுவாகத் தேய்த்தாள். காற்றாடிக்கு முன்னால் பிடித்து உலர்த்தினாள். திரும்பவும் தேய்த்தாள்.

அத்தாஉல்லாவால் கதிரையில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

"அல்லாஹ்ட்ட துஆக் கேளுங்க நானா," என்றாள் ஷஃபீனா.

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

ஸும்றா கார்டைக் கணினியில் செருகினாள். திரையில் ஒன்றுமே வரவில்லை. அத்தாஉல்லா நீளமாக மூச்சு விட்டார். "சரி, நம்மட நசீபு அவ்வளவுதான். வாங்க ரீச்சர், போவம்."

"அவசரப்படாதீங்க," என்று ஸும்றா கார்டைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகினாள்.

படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"வந்திட்டு!" ஷஃபீனா கை தட்டினாள்.

முதல் படத்தில் சித்தி மரியம் என்ற கிழவி முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பொதியை வாங்கிக்கொண்டிருந்தாள். பொதியின் மேல் அத்தாஉல்லாவின் முகம் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. பக்கத்தில் அதே முகம் நேரிலும் சிரித்தது. அடுத்தடுத்த படங்களில் வேறு வேறு ஆட்கள். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"பாருங்க ராத்தா, இப்பிடிப்பட்ட மனிசனையா நீங்க ஏசின?" ஷஃபீனா திரையைத் தொட்டுக் காட்டினாள்.

ஸும்றாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மாப்புச் செய்யுங்க நானா," என்று திரும்பினாள். அவர் வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு வேலை ஒண்டு கிடக்கு மகள். நான் வாறன்."

"ஒரு நிமிஷம் இருங்க. கடைசியில வீடியோ ஒண்டும் இருக்கு. அதையும் பாத்திட்டுப் போங்க."

ஸும்றா அதைத் தட்டினாள். மருமகனின் கழுத்தில் தொங்கிய கமரா தானாக எடுத்ததுபோல் திரை ஆடியது. சேற்றுத் தண்ணீரும், பொதியை நெஞ்சோடு அணைத்திருந்த சித்தி மரியத்தின் கைகளும் தெரிந்தன. பிறகு அத்தாஉல்லாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"படம் எடுத்தாச்சு, பொதிய வாங்கித் திருப்பி லொறியில ஏத்துங்கடா!"