முட்புதர்ப் பாட்டு

ஆப்பிரிக்காவின் வைதாக் குருவிகள் கூடு கட்டுவதில்லை. அகலவால் இனத்துப் பெண்கள் ஆற்றோரச் சில்லைக் குருவியின் கூட்டில் முட்டையிடுவார்கள். ஒல்லிவால் இனத்தார் முட்புதர்ச் சில்லையின் கூட்டில். குஞ்சுகள் தங்களை வளர்த்த சில்லைத் தகப்பனின் பாட்டைப் பாடும்; பெண்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தங்கள் இனத்தானைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஓர் அகலவாலன் பக்கத்துக் கிளை ஒல்லிவாலனைச் சீண்டிக்கொண்டிருந்தான்.

“அது வாலாடா? நனைஞ்ச வைக்கோல். பாட்டுகூட என்கிட்டத் திருடினது.”

“பொண்ணு வரட்டும், பார்க்கலாம்,” என்றான் ஒல்லிவாலன்.

அகலவால் இனத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அகலவாலன் வாலை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடினான்.

“வால் இருக்கட்டும். பாடுங்க,” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாடினான். பாதியிலேயே அவள் பதறி எழுந்தாள்.

“ஐயோ, இது முட்புதர்ப் பாட்டு!”

“எங்கப்பா சொல்லிக்கொடுத்தது.”

“எந்த அப்பா? உங்கம்மா கூடு மாறி முட்டை வெச்சிட்டுப் போயிருக்காங்க. எங்க ஆளுங்க யாரும் உங்களைக் கட்ட மாட்டாங்க.”

அவள் பறந்துவிட்டாள். அகலவாலனுக்கு அலகு மூடவில்லை.

“டேய், அப்போ நீ எங்க வீட்டுப் பிள்ளையா?” என்றான் ஒல்லிவாலன். அவனாலும் சிரிக்க முடியவில்லை.

பாட்டைக் கேட்டு ஒல்லிவால் இனத்துப் பெண் ஒருத்தி வந்து மேல்கிளையில் அமர்ந்தாள்.

“இப்போ பாடினது யாருங்க? இன்னொரு தடவை பாடுங்களேன்.”

ஒல்லிவாலன் அகலவாலனைப் பார்த்தான்.

அகலவாலன் வாலை இலைகளுக்குள் தள்ளி மறைத்துக்கொண்டு, பாடத் தொடங்கினான்.