கட்டாய லீவு

கர்ணனின் மேஜை டிராயரில் சாவியை நுழைத்தேன்.

என் கடை, என் மேஜை. இருந்தும் திருடன் மாதிரி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

கம்பத்தில் ஏலக்காய்க் கடை நடத்துகிறேன். பத்தொன்பது வருடமாகக் கர்ணன்தான் கணக்குப்பிள்ளை. ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. "அப்துல் அஜீஸ் பாய்க்கு வாய்ச்ச ஆளு யாருக்கு வாய்க்கும்?" என்று கடைத்தெருவே பொறாமைப்படும். நானும் தாடியைத் தடவிக்கொள்வேன்.

எல்லாம் போன வாரம் வரைக்கும்தான்.

தேனியிலிருந்து வந்த ஆடிட்டர் ஷீபா ஜி.எஸ்.டி. வேலையை முடித்துவிட்டு, கையோடு ஒரு தாளையும் நீட்டினார். சின்ன வியாபாரிகள் மோசடியில் சிக்காமல் இருக்க ஐந்து ஆலோசனைகள். நான்கு வரைக்கும் தலையாட்டிக்கொண்டே படித்தேன். ஐந்தாவதில் தலையாட்டல் நின்றுவிட்டது.

'லீவே எடுக்காத கணக்குப்பிள்ளை ஆபத்தானவர். தான் இல்லாத நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்திலேயே பலர் லீவு எடுப்பதில்லை. எனவே சாவியை வாங்கிக்கொண்டு, வருடத்துக்குப் பத்து நாள் கட்டாய லீவில் அனுப்பவும்.'

அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாளே கர்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் மறுத்து ஒரு வார்த்தை பேசவேண்டுமே! இடுப்புக் கயிற்றில் கிடந்த சாவியை அவிழ்த்து மேஜையில் வைத்தார். "ஆடிட்டரம்மா சொல்லிட்டாகன்னா சரியாத்தான் இருக்கும் மொதலாளி" என்றார். குனிந்த தலை நிமிராமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தக் குனிந்த தலைதான் மூன்று நாளாக என்னைப் பிடுங்கித் தின்றது.

மூன்று நாளும் பேரேட்டைப் புரட்டினேன். பில்லையும் மூட்டையையும் ஒத்துப் பார்த்தேன். ஒரு கிலோ ஏலக்காய்கூடக் குறையவில்லை. மிச்சம் இருந்தது இந்த டிராயர் மட்டும்தான்.

யா அல்லாஹ், இதற்குள் எதுவும் இருக்கக் கூடாது. காசு போனால் தாங்கிக்கொள்வேன். கர்ணன் போனால் தாங்க மாட்டேன்.

இழுத்தேன்.

ஒரு தைல டப்பா. பழைய கண்ணாடி ஒன்று. நூல் போட்டுக் கட்டிய காகிதக் கட்டு.

பிரித்தால், அத்தனையும் லீவு லெட்டர்!

மச்சினன் கல்யாணத்துக்கு நான்கு நாள். குச்சனூர் நேர்த்திக்கடனுக்கு ஒரு நாள். கடைசி மூன்று கடிதத்திலும் ஒரே காரணம்: பல வருடமாக நின்றுபோயிருந்த தேனி ரயில் திரும்பவும் ஓடுகிறது, மனைவி செல்வமணி அதில் ஏறி மெட்ராஸ் போய்க் கடல் பார்க்க ஆசைப்படுகிறாள்.

எல்லாவற்றிலும் சிவப்பு மையில் ஒரே பதில். 'காய் சீசன் முடியட்டும்.' கீழே என் கையெழுத்து.

பில்களோடு சேர்த்து நீட்டியிருப்பார், நானும் கைப்பழக்கத்தில் எழுதித் தள்ளியிருக்கிறேன். ஒன்றுகூட ஞாபகமில்லை. வண்டன்மேட்டுத் தோட்டங்களில் ஒரு முறை பறித்த காய் வந்து தீருவதற்குள் அடுத்த பறிப்பு இறங்கிவிடும். இந்தக் கடையில் சீசன் என்றைக்கு முடிந்தது? அடப்பாவி அஜீஸ் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

கட்டுக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. எந்தத் தாளையும் கிழித்துப் போடுகிற பழக்கம் கர்ணனுக்குக் கிடையாது. அடித்தல் திருத்தலோடு, அவருடைய முத்து முத்தான எழுத்து.

'லீவே எடுக்காத கணக்குப்பிள்ளை ஆபத்தானவர்...'

ஐந்தாவது ஆலோசனை, வரி மாறாமல். முதலில் 'ஒரு வாரம்' என்று எழுதி, அதை அடித்துப் 'பத்து நாள்' ஆக்கியிருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'ஷீபா மேடம், நான் கேட்டால் முதலாளி தரமாட்டார். நீங்கள் எழுதினால் பயந்து தருவார்.'

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டது சிரிப்பை மறைக்கத்தானா?

போன் அடித்தது. கர்ணன்தான். பின்னால் அலைச் சத்தம், யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம்.

"மொதலாளி, இங்கன எனக்கு இருப்பே கொள்ளல. கணக்குல ஏதும் சந்தேகமா? இன்னைக்கே ரயில் ஏறி வந்துரவா?"

வாசலில் அப்போதுதான் காய் வண்டி வந்து நின்றது. நாற்பது மூட்டை. 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் மறுநாளே கடையில் நிற்பார்.

"வராதீக கர்ணன்" என்றேன், குரலைக் கடுமையாக்கிக்கொண்டு. "சந்தேகம் ரொம்பப் பெருசா இருக்கு. பத்து நாள் பத்தாது. பதினஞ்சா ஆக்கிக்கோங்க."

அலைச் சத்தத்துக்கு நடுவே கர்ணனின் குரல் தாழ்ந்தது.

"மொதலாளி... டிராயரத் தொறந்துட்டீகளா?"