பாதி அனுமதி

"சார், அந்தம்மாவை இன்னைக்காவது கிளப்பிடட்டுமா?"

படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தின் வாட்ச்மேன் பொருமினார்.

"என்னய்யா பண்றாங்க?" அதிகாரி கோப்பிலிருந்து நிமிரவில்லை.

"வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தனையும் பிடிச்சு, 'அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியா'ன்னு கேக்குது சார். சண்டை இன்னைக்கா நாளைக்கான்னு இருக்கு. இப்பப் போய் சமாதானம் பேசுது!"

"யாராவது திரும்பிப் போனாங்களா?"

"ஒருத்தனும் போகலை. ஆனா நமக்கு எரிச்சலா இருக்கே!"

"பாவம், வெயில்ல நிக்கிறாங்க. ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போடு. வாசல்கிட்ட வேண்டாம்... வரிசை திரும்புற அந்த மூலையில."

வாட்ச்மேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'நாற்காலியாமே! அடுத்து மாலையும் போடச் சொல்லுவாரு போல' என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போனார்.

வெளியே கேலி களைகட்டியிருந்தது.

"சமாதானக்கா, இதையே எதிரிகிட்டயும் போய்க் கேளுங்களேன்!"

"அந்தப் பக்கம் அவனை ஒருத்தி கேட்டுக்கிட்டுதான் இருப்பா தம்பி. என் பங்குக்கு நீங்கதான் கிடைச்சீங்க."

வரிசையே சிரித்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே நின்ற நீலச் சட்டைக்காரனை அண்ணாந்து பார்த்தாள்.

"நீ சொல்லிட்டியா ராஜா?"

"அப்பாவுக்குத் தெரியும்."

"அம்மாவுக்கு?"

அவன் தன் செருப்பையே பார்த்தான்.

"அப்போ பாதி அனுமதிதான் வந்திருக்கு. போய் மீதியையும் வாங்கிட்டு வா. உன் இடத்தை நான் பிடிச்சு வைக்கிறேன். சண்டை எங்கேயும் ஓடிப்போயிடாது."

"போடா, போய்க் கேட்டுட்டு வா!" என்று பின்னாலிருந்தவர்கள் ஊளையிட்டார்கள். அவன் காதெல்லாம் சிவந்து, ஒரு நிமிடம் தயங்கி, விறுவிறுவென்று நடையைக் கட்டினான்.

வாட்ச்மேன் மூச்சிரைக்க உள்ளே ஓடினார்.

"பாத்தீங்களா சார்! நாற்காலி போட்டுக் கொடுத்தோம், உடனே ஒருத்தனைக் கிளப்பி விட்டுடுச்சு!"

"நீலச் சட்டைக்காரனா?"

"ஆமா சார். அதெப்படி உங்களுக்கு..."

அதிகாரி எழுந்து போய் ஜன்னல் வழியாகத் தெருக்கோடிவரை பார்த்தார். பெருமூச்சு ஒன்று வந்தது.

"ஊரான் பிள்ளைங்களையெல்லாம் 'வா, வா'ன்னு கூப்பிடுற வாயால, என் பிள்ளைகிட்ட மட்டும் 'வீட்டுக்குப் போ'ன்னு எப்படிய்யா சொல்றது?"