ஏழாவது கடை

வக்கீல் வைரவன் தன் ரேசிங் மோட்டார் சைக்கிளை விற்று நான்கு மாதமாகிறது. தான் செயலாளராக இருக்கும் பைக் கிளப்பில் எல்லாரும் மாடல் மாற்றுகிறார்களே என்று காம்பார் ஊர்ப் புரோக்கர் ஒருவரிடம் தள்ளிவிட்டு, ராசியான வண்டி நம்பரை மட்டும் தன் பேரிலேயே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அதற்கு ஈடாக ஒன்றைத் தேடுகிறார். சனிக்கிழமை கிளப் கேமரன் மலைக்குப் புறப்படுகிறது. வண்டியில்லாத செயலாளரை யார் மதிப்பார்கள்?

ஜெலாப்பாங்கில் பழைய பைக் விற்கும் கடைகளில் இது ஏழாவது. கூட இழுத்துவரப்பட்ட மனைவி செகப்பி, ஏழாவது முறையாக அவருடைய அதே பிரசங்கத்தைக் கேட்டாள்.

"இது தகரம். அது மீன் விக்கிறவன் வண்டி. என்னுது கருப்புக் குதிர தம்பி. கண்ணக் கட்டிவிட்டாலும் சத்தத்த வச்சே சொல்லிருவேன்."

கடைக்கார மிதுலன் மூலையில் நின்ற சிவப்பு வண்டியை உயிர்ப்பித்தான். "இதக் கேளுங்கண்ணே. போன வாரந்தான் கவர் மாத்தி, பெயிண்ட் அடிச்சேன்."

வைரவன் மூக்கைச் சுளித்தார். "ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்குது லா. எந்த மடையன் ஓட்டிக் கெடுத்தானோ, தொடவே அருவருப்பா இருக்கு."

"பேட்டரி புதுசுண்ணே, பாருங்க" என்று மிதுலன் சீட்டைத் தூக்கினான். உள்ளே, கோயிலில் பூஜை போட்ட செப்புத் தகடு ஒன்று மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தது.

செகப்பி குனிந்து, அதன் மேலிருந்த அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"மடையன் பேரு தகட்டுலயே இருக்குங்க" என்றாள். "விசாக நட்சத்திரம்னு குருக்கள்கிட்ட சொல்லி எழுத வச்சதே நாந்தான்."