சத்தம் போடாத பெட்டி

"விளையாட்டு கம்ப்யூட்டருங்களா அத்தை?" சந்திரமோகன் மறுபடியும் கேட்டான்.

"ஆமா தம்பி. கார் ரேஸ், சண்டை எல்லாம் தடங்கல் இல்லாம ஓடணும். ஆனா பெட்டி சின்னதா இருக்கணும். சத்தம் வரவே கூடாது."

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை அவனுடையது. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். எதிரில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை, அவன் தங்கை கீதாவின் மாமியார். பட்டு வியாபாரக் குடும்பம். வாயைத் திறந்தால் தெருவே அடங்கும் என்று பெயர் எடுத்தவர்.

யாருக்கு என்று கேட்டதற்கு, "வீட்டுக்குத்தான்" என்றதோடு சரி.

வேறு யாருக்கு இருக்கும்? அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை, கீதாவின் புருஷன் தனசேகரன். வியாபாரத்தில் பிடிப்பில்லாதவன் என்று சந்திரமோகனுக்கு முதலிலிருந்தே ஒரு எண்ணம்.

உண்ணாமலை முந்தானை முடிச்சிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அதில் இரண்டு முடிச்சு. ஒன்று அகலத்துக்கு, ஒன்று உயரத்துக்கு. ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே வைக்க வேண்டுமாம். தன் வீட்டுக்காரர் மாணிக்கவேல் கண்ணில் படக் கூடாதாம். காதிலும் விழக் கூடாதாம்.

சந்திரமோகன் கடையிலிருந்த கேபினட் பெட்டிகளை எல்லாம் எடுத்துக் காட்டினான். ஒன்றில் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நுழையாது என்றார். இன்னொன்று அளவுக்குச் சரியாக இருந்தது. ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் கண்ணை மூடிக் காதைக் கிட்டே கொண்டுபோனவர், "மாவு மில்லு மாதிரி இருக்குது" என்று ஒதுக்கினார். நீல லைட் எரிந்த பெட்டியை, கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும் என்று தொடவே இல்லை.

அவனுக்குப் பேஜாராக இருந்தது. விளையாட்டுக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டு அடுப்பு மாதிரி சுடும், சின்னப் பெட்டிக்குள் அந்தச் சூடு போக வழியிருக்காது, உள்ளே இருக்கும் ஃபேன் வேகமாகச் சுற்றும், சுற்றினால் கத்தத்தான் செய்யும் என்று எடுத்துச் சொன்னான். விளையாட்டுச் சத்தத்துக்கு ஹெட்போன் மாட்டலாம், ஃபேன் சத்தத்துக்கு எதை மாட்டுவது? இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுங்கள் என்றான்.

"ரெண்டையும் விட முடியாது. எங்கியாவது இருக்கும் தம்பி. நீ தேடு."

தேடினான் என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே தள்ளிப்போட்டான். உண்ணாமலை விடவில்லை. கோயிலுக்குப் போகும்போது கேட்டார், காய் வாங்கிவிட்டுத் திரும்பும்போது கேட்டார். கடைசியில் பஸ் ஏறி வேலூருக்கே போய் விசாரித்துவிட்டு வந்து நின்றார். பக்கமெல்லாம் வலை வைத்த கேபினட் சென்னையில் கிடைக்கிறதாம். பெரிய ஃபேனாகப் போட்டு மெதுவாகச் சுற்றவிட்டால் சத்தமே இருக்காதாம்.

அதற்கு மேல் தட்டிக்கழிக்க வழியில்லை. ஆர்டர் போட்டான்.

வீட்டில் மனைவி லாவண்யாவிடம் புலம்பித் தீர்த்தான். பிள்ளை உட்கார்ந்து விளையாட அம்மாவே திருட்டுத்தனமாக இடம் பார்க்கிறார், கீதாவோ வாய் திறந்து ஒன்றும் சொல்கிற பெண் இல்லை, நானும் கேட்காமல் விட்டால் அண்ணன் என்று எதற்கு இருக்கிறேன் என்றான். பெட்டியைக் கொடுக்கிற அன்றைக்கு முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

கேபினட் வந்தது. எல்லாவற்றையும் பொருத்தி ஒரு கார் ரேஸை ஓடவிட்டான். வெளியே பஸ் ஹாரன் அலறியதால், உண்ணாமலை ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் காதை வைத்தார்.

"ஓடிகினுதான் இருக்குதா?"

"ஓடிகினுதாங்க இருக்குது."

"இதான் தம்பி நான் கேட்டது." அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு.

சந்திரமோகன் தொண்டையைச் செருமினான். "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. மாமாவுக்குத் தெரியாம மறைச்சு வெச்சு மாப்பிள்ளைக்கு இப்படிச் செல்லம் குடுத்தா, என் தங்கச்சி கதி என்னங்க ஆவறது?"

உண்ணாமலை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தனாவுக்கா? அவனுக்கு மவுசையே நேராப் புடிக்கத் தெரியாது. இது கீதாவுக்கு."

உண்ணாமலையே விவரத்தைச் சொன்னார்.

கண்ணமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்களாம். அங்கே பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருக்க, கீதாவும் போய் உட்கார்ந்தாளாம். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரையும் தோற்கடித்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

"கல்யாணமாகி வந்ததுல இருந்து அன்னிக்குத்தான் அவ வாய்விட்டுச் சிரிச்சுப் பாத்தேன். மத்தியானம் வேலை முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் அவளுக்குன்னு இருக்கட்டுமே. அந்த நேரத்துல உங்க மாமா ஹால்ல படுத்திருப்பாரு. கொசு பறந்தாக்கூட முழிச்சிக்குவாரு. அவரை நான் மெல்ல வழிக்குக் கொண்டாந்துடுவேன். அதுவரைக்கும் சத்தம் வராம இருந்தாப் போதும்."

"இதை முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அத்தை" என்றான், குரல் இறங்கிப்போய்.

"சொல்லியிருந்தா நீ செஞ்சு குடுத்திருக்க மாட்ட." உண்ணாமலை பெட்டியைத் துணிப்பைக்குள் பதமாக இறக்கினார். "அவ ஆசையா வெச்சிருந்த கம்ப்யூட்டரைக் கல்யாணத்துக்கு முன்னாடி நீதான் வித்துட்டியாமே தம்பி, 'போற எடத்துல மாமியார்க்காரி என்ன சொல்லுவாளோ'ன்னு?"