முப்பத்தொன்றாம் தேதித் தாள்

தினசரிக் காலண்டரில் டிசம்பர் முப்பத்தொன்று என்ற தாளுக்கு அன்று விடிந்ததுமே பயம். மேலே அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த முருகனை நிமிர்ந்து பார்த்தது.

"சாமி, எல்லாரும் கிழிந்து போனார்கள். நீங்கள் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறீர்கள்?"

"எனக்கு நாள் கிடையாதப்பா. அதனால் போவதும் கிடையாது," என்றார் முருகன்.

மறுநாள் காலை வீட்டுக்காரி செண்பகவல்லி அந்தத் தாளைக் கிழித்து, அதில் திருநீறு மடித்து மாடத்தில் வைத்தாள். அட்டையைக் கழற்றிப் பரணில் போட்டாள். தாளுக்குத் திக்கென்றது. போகமாட்டேன் என்றவரே போய்விட்டாரே!

சற்று நேரத்தில் அதே ஆணியில் புதுக் காலண்டர் வந்தது. அதே முகம், அதே சிரிப்பு.

"சாமி, என்னைத் தெரிகிறதா?" என்று தாள் கத்தியது.

"தெரியாமலா? நீ எல்லாருக்கும் அடியில்தானே இருக்கிறாய். உன் முறை வர இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே!"

முடிந்துபோனோமா, இன்னும் தொடங்கவே இல்லையா என்று புரியாமல், தாள் திருநீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.